ஃபிக்ஸ், ஃபிக்ஸ் 2, கடைசி ஃபிக்ஸ்

'பில் பிரிண்ட் ஆரம்பம்.' 'ஃபிக்ஸ்.' 'ஃபிக்ஸ் 2.' 'ஸ்பெல்லிங்.' 'மறுபடி ஸ்பெல்லிங்.' 'வேலை செய்யுது.' 'வேலை செய்யலை.' 'பழையபடி.' 'சாப்பிட்டு வந்து பாக்கணும்.' 'கடைசி ஃபிக்ஸ்.' 'நிஜமாவே கடைசி.'

காதல் தோல்வியில் யாரோ எழுதிய டயரி என்று நினைத்துவிடாதீர்கள். கடைகளுக்கு பில் போடும் ஒரு புரோகிராமில் பொள்ளாச்சிப் பையன் ஒருவன் பதினோரு நாள் செய்த மாற்றங்களின் பட்டியல் இது. மொத்தம் இருபத்தேழு. இங்கே மாதிரிக்குப் பதினொன்று. இருபத்தேழையும் படித்துப் பார்த்து, 'கணக்கு சரி' என்று சொல்ல வேண்டியவன் நான்.

சொன்னேன். அங்கேதான் வினை பிடித்தது.

'நீரோ பி.காம்., பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவர், உமக்கும் புரோகிராமுக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். என் மாமனாரும் இதையேதான் கேட்டார், கொஞ்சம் வேறு தொனியில். கட்டுரைக்கு வரும் செக் மாதத்தில் எந்தத் தேதியில் வரும் என்று ஜோசியராலும் சொல்ல முடியாது. அதனால் கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் பகுதிநேர வேலை. ஆறு பேர், ஒரு ஏ.சி., தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு பாத்ரூம். கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறார்கள். வரி சம்பந்தமாக யார் எதை மாற்றினாலும் அது உள்ளே போவதற்குமுன் நான் பார்த்து, கூட்டல் பெருக்கல் எல்லாம் சட்டப்படி இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். புரோகிராம் எழுத எனக்கு வராது. படிக்க வரும், எழுத்துக்கூட்டி.

இந்த இடத்தில் 'கிட்' என்கிற சமாசாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டர்க்காரர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போய் அடுத்ததில் காத்திருக்கலாம்.

பாங்க் பாஸ்புக் பார்த்திருப்பீர்கள். எந்தத் தேதியில் எவ்வளவு போட்டோம், எவ்வளவு எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று ஒவ்வொரு வரியாக இருக்கும். புரோகிராமுக்கு அப்படி ஒரு பாஸ்புக்தான் கிட். யார், எந்த நேரத்தில், எந்த வரியை எப்படி மாற்றினார்கள், அதற்கு என்ன குறிப்பு எழுதினார்கள் என்று அத்தனையும் அதில் நிற்கும். ஒவ்வொரு பதிவுக்கும் 'கமிட்' என்று பெயர். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. லினக்ஸ் எழுதினாரே, அவரேதான். அதுவரை லினக்ஸ்காரர்கள் பயன்படுத்திவந்த ஒரு கம்பெனிச் சரக்கை இனி இலவசமாகப் பயன்படுத்த முடியாது என்றாகிவிட, சில நாட்களில் சொந்தமாகவே ஒன்றைச் செய்துவிட்டார். 'கிட்' என்றால் பிரிட்டிஷ் கொச்சையில் உருப்படாத ஆசாமி. என் படைப்புகளுக்கு என் பெயரையே வைப்பது வழக்கம் என்று அவரே அதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். முதல் கமிட்டின் குறிப்பில், இது நரகத்திலிருந்து வந்த தகவல் மேலாளர் என்று எழுதியும் வைத்திருக்கிறார். நம் பையன் எழுதிய 'சாப்பிட்டு வந்து பாக்கணும்' அவ்வளவு மோசமில்லை.

ஒருவர் செய்த மாற்றம் எல்லோருக்கும் பொதுவான மெயின் பிரதியில் சேருவதற்குமுன் இன்னொருவர் படித்துப் பார்ப்பதற்கு 'ரிவ்யூ' என்று பெயர். ஆடிட் மாதிரிதான். என்ன, இங்கே ஆடிட்டருக்கு ஒரு தடவைக்கு ஐந்நூறு ரூபாய்.

2024 செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அந்த இருபத்தேழு வந்தது. நாற்பத்து மூன்று ஃபைல்கள். ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரிகள் மாறியிருந்தன. பச்சையில் சேர்த்தது, சிவப்பில் எடுத்தது என்று ஸ்க்ரீன் முழுக்கத் திருவிழாத் தோரணம். உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். முதல் கமிட்டில் ஒரு கணக்கு. அது தப்பாயிற்றே என்று குறித்துக்கொண்டேன். நாலாவது கமிட்டில் அதை அவனே திருத்தியிருந்தான். ஒன்பதில் அதைத் தூக்கிவிட்டு வேறு விதமாக எழுதியிருந்தான். பதினான்கில் பழையபடி முதலில் இருந்ததே திரும்பி வந்திருந்தது. பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பஞ்சாயத்து செய்யப் போய், அவர்கள் ஏற்கெனவே சமாதானமாகி சினிமாவுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தவன் மாதிரி ஆயிற்று எனக்கு.

அதற்கும் மேலே ஒன்று. நடுவில் எங்கோ ஒரு நாள் பையன், எழுத்துகளை அழகாக அடுக்கிக் கொடுக்கும் ஒரு கருவியை ஓட்டியிருக்கிறான். வரியின் ஆரம்ப இடைவெளி மாறியிருந்தது. ஒற்றை மேற்கோள் குறியெல்லாம் இரட்டையாகியிருந்தது. நீள வரிகள் மூன்றாக மடிந்திருந்தன. அர்த்தம் ஒன்றும் மாறவில்லை, ஆனால் ஆயிரத்துச் சொச்சம் வரிகள் 'மாறியவை' என்று பச்சையாய்ச் சிரித்தன. வெறும் இடைவெளி மட்டும் மாறியிருந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் காட்டு என்று கிட்டிடம் சொல்லலாம். மேற்கோள் குறியும் மடிப்பும் மாறினால் அந்தப் பாச்சா பலிக்காது.

இரண்டரை மணி நேரம் பார்த்தேன். கடைசி அரை மணி நேரம் நான் பார்த்தது ஸ்க்ரீனை இல்லை, கோடம்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் தாம்பரம் ரயிலை, மனக்கண்ணில். 'பார்த்தேன், சரி' என்று அடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அக்டோபர் முதல் வாரம் திண்டுக்கல்லிலிருந்து போன். ஹார்டுவேர் கடைக்காரர்.

"தம்பி, போன மாசம் போட்ட பில்லையெல்லாம் கூட்டுனா ஒரு வரி வருது. உங்க மாசாந்தர ரிப்போர்ட் வேற வரி சொல்லுது. நானூத்திப் பன்னண்டு ரூபா அறுவது காசு இடிக்குது. நானூறு ரூபா எனக்குப் பெரிசில்ல. ஆடிட்டருக்கு நான் என்னத்தைச் சொல்றது?"

கணக்குப் படித்தவனுக்கு நாலு லட்சம் வித்தியாசம் வந்தால்கூடப் பயமில்லை, எங்கேயோ ஒரு பில் விட்டுப்போயிருக்கும். இந்த நானூற்றுச் சொச்சம்தான் வயிற்றைக் கலக்கும். அது எங்கேயாவது ஓர் இடத்தில் இல்லை, எல்லா இடத்திலும் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படித்தான் இருந்தது. உதாரணத்துக்கு 17 ரூபாய் 50 காசுக்கு ஒரு சாமான். மத்திய வரி 9 சதவீதம், மாநில வரி 9 சதவீதம். 17.50-க்கு 9 சதவீதம் 1.575. அரைக்காசு கொடுக்க முடியாதே, 1.58 என்று முழுசாக்க வேண்டும். இதே விலையில் பத்துச் சாமான், பத்து வரியாக வாங்கினால்? வரிக்கு வரி முழுசாக்கினால் 15.80. மொத்தம் 175 ரூபாய்க்குப் போட்டுக் கடைசியில் ஒரே ஒரு தடவை முழுசாக்கினால் 15.75. ஐந்து காசு வித்தியாசம். மாநில வரியில் இன்னோர் ஐந்து. ஒரு பில்லுக்குப் பத்துக் காசு. சில பில்லில் கூடும், சில பில்லில் குறையும், மாதக் கடைசியில் திண்டுக்கல்லிலிருந்து போன் வரும்.

முன்பு எங்கள் புரோகிராம் மொத்தத்தில் முழுசாக்கியது. பையன் அதை வரிக்கு வரி என்று மாற்றியிருந்தான். ரிப்போர்ட் மட்டும் பழைய முறையிலேயே இருந்தது.

அவன் செய்தது முட்டாள்தனம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். புது பில் வடிவத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே வரி அச்சாக வேண்டும். அச்சான வரிகளைக் கூட்டினால் கீழே உள்ள மொத்தம் வர வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் கேட்பார். நியாயமான காரணம். அந்தக் காரணத்தை அவன் ஒரு வரி எழுதியிருந்தால் என் வாயில் உடனே ஒரு கேள்வி வந்திருக்கும்: 'ரிப்போர்ட்டையும் மாத்தினியா தம்பி?' அவன் எழுதியிருந்தது 'ஃபிக்ஸ் 2.'

அன்று ராத்திரி இன்னொரு கூத்து. எந்த கமிட்டில் கோளாறு புகுந்தது என்று கண்டுபிடிக்க கிட்டில் 'பைசெக்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது. டிக்ஷனரியில் வார்த்தை தேடுகிற மாதிரி. நடுவில் பிரி, இங்கே சரியா தப்பா பார், தப்பென்றால் முன்பாதி, சரியென்றால் பின்பாதி. ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துத் தடவைக்குள் ஆள் அகப்பட்டுவிடுவான். இருபத்தேழுக்கு ஐந்து போதும். ஆனால் நடுவில் பிரித்தால் அங்கே 'சாப்பிட்டு வந்து பாக்கணும்.' சாப்பாட்டுக்குப் போன இடத்தில் புரோகிராம் பாதியில் நின்றிருந்தது, ஓடவே இல்லை. ஓடாததைச் சரியென்பதா தப்பென்பதா? பக்கத்தில் தள்ளிப் போனால் 'வேலை செய்யலை.' சொன்னபடியே வேலை செய்யவில்லை. பையன் எழுதிய குறிப்புகளில் நூற்றுக்கு நூறு உண்மை அது ஒன்றுதான்.

கடைசியில் கண்ணாலேயே தேடி ஒன்பதரைக்குக் கண்டுபிடித்தோம். சரி, அந்த ஒரு கமிட்டை மட்டும் திருப்பிவிடலாம் என்றால், அதே கமிட்டுக்குள் புது பில்லின் தலைப்பும் கடை முகவரியும் வரி அடுக்கலும் பின்னிக்கொண்டு கிடந்தன. ஒன்றைப் பிடுங்கினால் எல்லாம் வரும். கையாலேயே வரி வரியாகத் திருத்தி முடிக்கப் பதினொன்றரை. முதலாளி பரோட்டா வாங்கிக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே கேட்டார்:

"இதை யார் எழுதினது? யார் பார்த்தது?"

எழுதியது யார் என்பதை கிட்டே சொல்லும், அதற்கென்று 'பிளேம்' என்று ஒரு கட்டளையே இருக்கிறது. பையன் தலை குனிந்து நின்றான். நவம்பரில் அவனுடைய வேலை நிரந்தரமாக வேண்டும். "இன்னும் ஆறு மாசம் பார்க்கலாம்னு தோணுது" என்றார் முதலாளி.

வாசகர்களிடம் பொய் சொல்லக் கூடாது. அடுத்த நொடியே எழுந்து 'நான்தான் பார்த்தேன்' என்று நெஞ்சை நிமிர்த்தினேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். நான் சால்னாவில் எதையோ தேடினேன். ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் கேட்பாரா என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் பையன் என் பக்கம் திரும்பாமலேயே, "நான்தானுங்க எல்லாத்தையும் கலந்துபோட்டனுங்க" என்று சொன்னபோதுதான் சால்னா இறங்க மறுத்தது.

"சார், சரின்னு போட்டது நான். படிச்சுப் புரிஞ்சு போடலை. ரயிலுக்கு நேரமாச்சுன்னு போட்டேன்" என்றேன்.

முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு பரோட்டா வைத்தார். அது மன்னிப்பா தண்டனையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் எங்கள் சீனியர் மேடம் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். திருநெல்வேலிக்காரர். கோபம் வந்தால் குரல் தாழும். அன்று ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"தம்பி, நீ பதினோரு நாள் என்ன பாடுபட்டேங்குறத அப்படியே சாருக்கு அனுப்பிருக்க. அவருக்கு அது எதுக்கு? கடைசியில என்ன மாறிச்சு, ஏன் மாறிச்சு, அது போதும்லா? அனுப்புறதுக்கு முன்ன அந்த இருபத்தேழையும் கலைச்சு, ஒரு கமிட்டுக்கு ஒரு விஷயம்னு திருப்பி அடுக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேடம், எழுதினதை அழிச்சு மாத்தி எழுதறதா? அது கள்ளக் கணக்கு இல்லையா?"

என் அதிர்ச்சிக்குக் காரணம் உண்டு. பிளஸ் டூவில் எங்கள் காமர்ஸ் வாத்தியார் லெட்ஜரில் ஒரே ஓர் அடித்தலுக்கு முழு மார்க்கையும் கழித்தவர். தப்பாக எழுதினால் தப்பு அப்படியே நிற்க வேண்டும். கீழே திருத்தப் பதிவு போட வேண்டும். இதுதான் எங்கள் ஜாதிக்கு வேதம். சட்டமும் அதையே சொல்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் கம்பெனிகள் கணக்கு வைக்கும் சாஃப்ட்வேரில் யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற சுவடு பதிவாகியே தீர வேண்டும். அதை அணைத்துவைக்க வசதி இருக்கக் கூடாது. அப்படியிருக்க, நடந்த சரித்திரத்தையே மாற்று என்றால்?

"சார், நீங்க ரஃப் நோட்டு வச்சிருந்ததில்லையா?" என்றார் மேடம்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு லூகா பாசியோலி ஞாபகம் வந்துவிட்டார். காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த இத்தாலியப் பாதிரியாரைத் தெரிந்திருக்கும், எங்கள் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் வருவார். 1494-ல் வெனிஸ் நகரத்தில் அச்சான தம் கணக்குப் புத்தகத்தில் இரட்டைப் பதிவு முறையை விளக்கியவர். வியாபாரிக்கு மூன்று நோட்டுகள் வேண்டும் என்றார். முதல் நோட்டு நடந்ததை நடந்தபடி யார் வேண்டுமானாலும் கிறுக்குவது. அதிலிருந்து ஒழுங்குபடுத்தி எழுதுவது இரண்டாவது, குறிப்பேடு. அதிலிருந்து போவது மூன்றாவது, பேரேடு. அழிக்கக் கூடாது என்ற கறாரெல்லாம் குறிப்பேட்டிலிருந்துதான் ஆரம்பம். முதல் நோட்டைப் பார்த்து யாரும் ஆடிட்டரிடம் 'இதுதான் என் கணக்கு' என்று நீட்டுவதில்லை. பையன் நீட்டியது அதைத்தான். நானும் வாங்கிக்கொண்டேன்.

லினக்ஸ்காரர்களும் எழுதியே வைத்திருக்கிறார்கள். லினக்ஸின் மையப் பகுதிக்கு மாற்றம் அனுப்புகிறவர்களுக்கான வழிகாட்டியில், நீங்கள் வந்துசேர்ந்த பாதையில் எங்களுக்கு அக்கறை இல்லை, முடிந்த வடிவத்தை எடுத்து, தனித்தனியாக நிற்கக்கூடிய துண்டுகளாகப் பிரித்து அனுப்புங்கள் என்ற பொருளில் வருகிறது. ஒவ்வொரு துண்டு சேர்ந்த பிறகும் முழுசும் ஓட வேண்டும், அப்போதுதான் பைசெக்ட் உருப்படும் என்பதும் அங்கே விதி.

எதிர்க்கட்சியும் உண்டு. சாமானியர் இல்லை. செல்போன்களிலெல்லாம் உட்கார்ந்திருக்கிற எஸ்.க்யூ.லைட் என்ற டேட்டாபேஸை எழுதிய ரிச்சர்ட் ஹிப். சரித்திரத்தைத் திருத்துவது நேர்மையில்லாத வேலை, தீங்கு என்பது அவர் கட்சி. ரீபேஸ் என்ற பேச்சே இல்லாத 'ஃபாசில்' என்ற சொந்தப் பாஸ்புக்கை எழுதி, 2007 முதல் வைத்திருக்கிறார். எஸ்.க்யூ.லைட்டின் வரலாறே அதில்தான் இருக்கிறது. எங்கள் காமர்ஸ் வாத்தியார் பார்த்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பார். ஆனால் திண்டுக்கல் போன் வந்த பிறகு என்னால் அவர் கட்சியில் முழுசாகச் சேர முடியவில்லை. இருபத்தேழும் அப்படியே நேர்மையாக இருந்தன. அந்த நேர்மைக்குப் பின்னால்தான் அந்த ஒரு வரி ஒளிந்திருந்தது.

மெயின் பிரதியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதை மேடம் தொட விடவில்லை. பயிற்சிக்காக என்று தனியாக ஒரு 'பிராஞ்ச்' எடுத்து, பையனை அதே வேலையைத் திரும்ப அடுக்கச் சொன்னார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் இருபத்தேழு கமிட்டையும் கலைத்தான். கோட் அப்படியே இருக்கிறது, பதிவு மட்டும் போய்விட்டது. நோட்டைக் கிழித்தாலும் கல்லாவில் காசு இருக்கிற மாதிரி. அப்புறம் 'ஆட் மைனஸ் பி' என்று ஒரு கட்டளை. கிட் ஒவ்வொரு துண்டாக எடுத்துக் காட்டி, 'இது சேரட்டுமா, வேண்டாமா, இன்னும் சின்னதாக நறுக்கவா?' என்று கேட்கிறது. காய்கறிக்காரரிடம் பொறுக்கி எடுக்கிற மாதிரி. அழகுபடுத்தும் கருவியை மட்டும் முதலில் தனியாக ஓட்டி அது ஒரு கமிட், குறிப்பு: 'அடுக்கல் மட்டும், கணக்கில் மாற்றம் இல்லை.' பெயர் மாற்றங்கள் இரண்டாவது. புது பில் வடிவம் மூன்றாவது. முழுசாக்கும் முறை நாலாவது. அதற்கான சோதனை ஐந்தாவது.

வரிசை மாற்றவும் ஒட்டவும் 'ரீபேஸ் மைனஸ் ஐ' என்று வேறொன்று. கமிட்டுகளின் பட்டியலை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. எதை வைக்க வேண்டுமோ அதற்குமுன் 'பிக்.' குறிப்பை மாற்ற 'ரீவேர்ட்.' மேலே உள்ளதோடு ஒட்ட 'ஸ்குவாஷ்.' குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒட்ட 'ஃபிக்ஸப்.' தூக்கியே போட 'டிராப்.' வரிகளை மேலே கீழே நகர்த்தினால் சரித்திரமே நகர்கிறது. கல்யாணத்துக்கு அப்புறம் நிச்சயதார்த்தத்தை வைக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே வரியைத் தொட்டிருந்தால் மட்டும் கிட் நின்று, 'நீயே பேசித் தீர்த்துக்கொள்' என்று சண்டையை நம் கையில் கொடுத்துவிடும்.

"எதுக்கு மேடம் அஞ்சு? இருபத்தேழையும் ஒண்ணாக்கிட்டா?" என்று கேட்டேன்.

"மாசக் கடைசியில 'இதரச் செலவு எண்பத்தி நாலாயிரம்'னு ஒரே வரி எழுதினா நீங்க ஒத்துக்கிடுவியளா?"

ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஐந்தையும் படித்தேன். முதலாவது ஆயிரத்துச் சொச்சம் வரி. அதே கருவியை நாமும் ஓட்டிப் பார்த்து அதே பலன் வருகிறதா என்று பார்த்தால் போதும், ஒன்றையும் படிக்க வேண்டாம். இரண்டு, மூன்று பத்து நிமிஷம். நாலாவதில் இரண்டே இரண்டு வரிகள் மாறியிருந்தன. குறிப்பில் பையன் எழுதியிருந்தான்: 'ஒவ்வொரு சாமானுக்கும் வரி அச்சாவதால், இனி சாமானுக்குச் சாமான் முழுசாக்குகிறோம்.' படித்த மாத்திரத்தில், "ரிப்போர்ட்?" என்று கத்திவிட்டேன். பக்கத்து டேபிளில் டீ கொட்டியது. மொத்தம் இருபது நிமிஷம். வரி எழுதியவன் அதே ஆள், படித்தவன் அதே ஆள், ரயில்கூட அதே ரயில்.

புதிதாகக் கார் ஓட்டப் பழகியவன் பக்கத்துத் தெரு பால் பூத்துக்கும் காரிலேயே போவான். நானும் அப்படி ஆனேன். வரி விகித அட்டவணையை நானே கிட்டில் திருத்துவது உண்டு. நவம்பரில் ஒரு நாள் அந்த பிராஞ்சில் என்னுடைய ஆறு கமிட்டுகளை அழகாக இரண்டாக்கினேன். சர்வருக்கு அனுப்பினால், 'மாட்டேன், அங்கே வேறு சரித்திரம் இருக்கிறது' என்றது. 'ஃபோர்ஸ்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போகும் என்று தெரியும். சேர்த்தேன். போயிற்று. அதோடு, அதே பிராஞ்சில் பையன் முந்தின இரண்டு நாளில் சேர்த்திருந்த மூன்று கமிட்டுகளும் போயின.

கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் நாற்பது எழுத்தில் ஓர் எண். அந்த எண்ணுக்குள் முந்தின கமிட்டின் எண்ணும் கலந்திருக்கிறது. அதனால் நடுவில் ஒன்றைத் தொட்டால் அதற்குப் பின்னால் வரும் அத்தனையின் எண்ணும் மாறிப்போகும். நம் மெஷினுக்குள் இருக்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. இன்னொருவர் அதை எடுத்து அதன்மேல் வேலை செய்திருந்தால், அவர் காலடியில் இருந்த பலகையை உருவிவிட்டோம் என்று அர்த்தம்.

வியர்த்து விறுவிறுத்துப் பையனிடம் சொன்னேன். அவன் பதறவில்லை.

"சர்வருல போனா போச்சாதுங்ணா. எம்பட மெஷின்ல இருக்குதுங். அட உங்குளுது அழிஞ்சாலுமே 'ரீஃப்ளாக்'ல தேடி எடுத்துப்போடலாமுங்." அதாவது நாம் எங்கெங்கே நின்றோம் என்று கிட் ரகசியமாக ஒரு குறிப்பு வைத்திருக்கிறதாம். நாமாக மாற்றாதவரை தொண்ணூறு நாள், கைவிடப்பட்ட கமிட்டுகளுக்கு முப்பது நாள். பாசியோலியின் முதல் நோட்டைப் பரணில் போட்டுவைத்திருக்கிறது பாருங்கள்! அப்புறம், "அடுத்த தடவ 'ஃபோர்ஸ் வித் லீஸ்'னு போடுங்ணா. நீங்க கடைசியாப் பார்த்ததுக்கு அப்புறம் வேற ஆராச்சும் அங்க வந்திருந்தா, அது தள்ளாமயே நின்னுக்கும்" என்றான். ஒரே பிராஞ்சில் இரண்டு பேர் இருக்கும்போது அதுவும் கேட்டுவிட்டுத்தான் என்று மேடம் சேர்த்துக்கொண்டார், குரலைத் தாழ்த்தி.

ரிவ்யூ ஆரம்பித்த பிறகு அடுக்குவதும் கூடாதாம். நான் பாதி படித்துக்கொண்டிருக்கும்போது அடியில் மாற்றினால் முதலிலிருந்து படிக்க வேண்டும். என் கேள்விகளுக்கான திருத்தங்களைச் சின்னச் சின்ன ஃபிக்ஸப்பாகக் கடைசியில் சேர்த்துக்கொண்டே போய், நான் சரி என்ற பிறகு ஒரே வீச்சில் அதனதன் இடத்தில் ஒட்டிவிடுகிறார்கள். மெயின் பிரதியில் சேர்ந்துவிட்டால்? அதற்குப் பிறகு யாரும் தொடக் கூடாது. தப்பென்றால் 'ரிவர்ட்' என்ற கட்டளை, அந்த கமிட்டுக்கு நேர் எதிரான இன்னொரு கமிட்டைப் புதிதாகச் சேர்க்கிறது. தப்பும் நிற்கும், திருத்தமும் நிற்கும். அட, நம் வாத்தியாருடைய திருத்தப் பதிவு!

திண்டுக்கல் கடைக்காரர் கொடுத்துவிட்ட பில்களையும் அப்படித்தான் யாரும் தொடவில்லை. பில்லில் எவ்வளவு வரி வாங்கினாரோ அவ்வளவையும் கட்டினார். ரிப்போர்ட்தான் அச்சான பில்களைக் கூட்டிச் சொல்லும்படி மாறியது. பையனுக்கு நவம்பரில் கிடைக்க வேண்டிய கடிதம் ஜனவரியில் கிடைத்தது. அந்த இரண்டு மாதத்தில் பாதி என் கணக்கு.

போன வாரம் அவனிடமிருந்து ஒரு ரிவ்யூ வந்தது. நாலு கமிட். தாம்பரம் ரயிலில், நின்றுகொண்டே, போனில் படித்தேன். முதல் குறிப்பு: 'ஃபங்ஷன் இடம் மட்டும் மாறுகிறது, கணக்கு மாறவில்லை.' இரண்டாவது, மூன்றாவது கிண்டிக்குள் முடிந்தன. நாலாவதில் தள்ளுபடியை வரிக்குப் பிறகு கழிக்கிற மாதிரி இருந்தது. பில்லிலேயே காட்டும் தள்ளுபடியை வரிக்கு முன்னால் அல்லவா கழிக்க வேண்டும் என்று ஒரு வரி கேட்டுவைத்தேன்.

பரங்கிமலை வருவதற்குள் பதில் வந்தது. 'அது தப்புத்தானுங்ணா.'